பாறைமேலிருந்து ஆறு எண்கள்

போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம். சோற்றில் மோரை ஊற்றிவிட்டு ஊறுகாய் பாட்டிலைத் திறக்கப் போகிறேன் — வாசலில் என் சித்தி மகன் குமரவேல் வந்து நிற்கிறான். சட்டையெல்லாம் வியர்வை.

"அக்கா, கெளம்பு. மலைப் பக்கம் போவணும்."

"எதுக்குடா?"

"ஒரு அம்மாகிட்ட பாஸ்வேர்டு கேக்கணும்."

"நீயே போய்க் கேளேன்."

"நான் கேட்டா சொல்ல மாட்டாங்க."

"ஏன்?"

"சொல்லக் கூடாதுன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்..."

மோர்ச் சோற்றைத் தட்டு போட்டு மூடிவிட்டுக் கிளம்பினேன். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஆனால் யார் கூப்பிட்டாலும் செருப்பை மாட்டிக்கொள்வேன். இந்த இரண்டாவது குணத்தால்தான் முதல் குணமே வந்தது என்பார் என் வீட்டுக்காரர்.

குமரவேலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். திடீரென்று அதை உதறிவிட்டுக் கள்ளக்குறிச்சிக்கே வந்துவிட்டான். நாலு கறவை மாடு வாங்கிப் பால் பண்ணை வைப்பான் என்று சித்தி நினைத்தாள். அவன் கட்சியில் சேர்ந்தான். மாடே தேவலை என்று சித்தி இன்றைக்கும் புலம்புகிறாள்.

பெரிய கட்சி இல்லை. 'மின்னுரிமை மக்கள் கட்சி' என்று பெயர். மாவட்டத்தில் இருக்கிற மொத்த உறுப்பினர்களையும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். டிரைவர் பக்கத்தில் ஓர் இடம் காலியாகக்கூட இருக்கும். கொள்கை இரண்டே இரண்டு. சர்க்கார் எதையும் ஜனங்களிடம் மறைக்கக் கூடாது. ஜனங்களின் சொந்த விஷயத்தில் சர்க்கார் உட்பட எவனும் மூக்கை நுழைக்கக் கூடாது.

நல்ல கொள்கைதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்னமும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கட்சிக்குள்ளேயே இந்த இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி. உள்ளாட்சித் தேர்தலில் ஒரே ஒரு வார்டில் நின்றார்கள். சின்னம் கேட்கும்போது சண்டை. வெளிப்படைக்காரர்கள் ஜன்னல் வேண்டும் என்றார்கள். ரகசியக்காரர்கள் பூட்டுதான் வேண்டும் என்றார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நாள் நாறிப்போயிற்று. கடைசியில் கிடைத்தது சப்பாத்திக் கட்டை.

வேட்பாளர் குமரவேல்தான். அவனுக்கு விழுந்த ஓட்டில் என்னுடையதும் ஒன்று. சித்தி யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. கேட்டால், "அதுதான் ரகசியம்னு நீதானடா சொன்ன" என்கிறாள்.

தோற்ற பிறகு அவன் சும்மா இருக்கவில்லை. மனு போட ஆரம்பித்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவன் கேட்காத கேள்வி கிடையாது. நாமெல்லாம் கொத்தமல்லி வாங்கக் கடைக்குப் போகிறோம் இல்லையா, அந்த மாதிரி போய் ஒரு மனுவைப் போட்டுவிட்டு, சட்டப்படி சர்க்காருக்கு உண்டான முப்பது நாள் அவகாசத்தை எண்ணிக்கொண்டிருப்பான். அப்படிப் போட்ட ஒரு மனு — கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊருக்குச் செல்போன் டவர் எப்போது வரும் என்பது. இந்த மனுவைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. தனியுரிமை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த ஊரின் விசித்திரத்தைச் சொன்னால்தான் மேற்கொண்டு கதை புரியும். அங்கே பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குக் கேபிள் வழியாக இன்டர்நெட்டும் வருகிறது. என்ன சான்றிதழ் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் என்ன கேட்கும்? 'உங்கள் செல்போனுக்கு வந்த ஆறு இலக்க ஓடிபியைப் போடவும்' என்று கேட்கும். செல்போனில்தான் சிக்னலே கிடையாதே! ஊருக்கு மேலே, செங்குத்தாக இருபது நிமிடம் ஏறினால் ஒரு பாறை. அந்தப் பாறை உச்சியில் மட்டும் சிக்னல் வரும். ஒரு கோடு, சில நாள் இரண்டு கோடு.

கம்ப்யூட்டர் கீழே. சிக்னல் மேலே. ஓடிபியின் ஆயுள் மூன்று நிமிடம். என்ன செய்வார்கள்?

ராமாயியிடம் கொடுத்துவிடுவார்கள். ராமாயிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஆடு மேய்க்கிறவள். எப்படியும் அந்தப் பாறைக்குத்தான் தினமும் ஆட்டை ஓட்டிக்கொண்டு போவாள். காலையில் ஒயர் கூடையோடு தெருவில் வருவாள், வேலை இருக்கிறவர்கள் தங்கள் போனைக் கூடையில் போட்டுவிடுவார்கள். யாருடைய போன் எது என்று கட்டியிருக்கும் ரப்பர் பேண்டு, நூல் கலர் பார்த்தே சொல்லிவிடுவாள். எழுத்துப் படிக்கத் தெரியாது. எண் தெரியும். ஓடிபி வந்ததும் பாறை நுனியில் நின்று கூவுவாள் — பேரைச் சொல்லி, ஒவ்வொரு எண்ணாக. கீழே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர் எண்ணைப் போட்டுவிட்டு ஈயத் தட்டைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் கேட்கவில்லை, மறுபடி சொல்.

இதற்கு அவள் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. "ஆடு மேய்க்கச்சொல்ல வாய் சும்மாதான இருக்குது" என்பாள்.

அந்த ஊர் ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பட்டா மாறுதல், பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் அத்தனையும் ராமாயியின் தொண்டை வழியாக வந்தவைதான்.

மனு போடுவதற்காக விவரம் சேகரிக்கப் போன குமரவேல் இதைப் பார்த்துவிட்டு வந்து என் வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அக்கா, ஓடிபிய ஊருக்கே கேக்கற மாதிரி கத்தறாங்கக்கா! உலகத்துலயே இவ்ளோ பெரிய டேட்டா லீக் கெடையாது!"

விளைவு? அந்தச் செவ்வாய்க்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் 'உங்கள் போன், உங்கள் ரகசியம்' என்று விழிப்புணர்வு முகாம். சிறப்பு விருந்தினர் — அடியேன்.

முகாம் நோட்டீஸில் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் கோடு அச்சடித்திருந்தார்கள். ராமாயி நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது இன்னா தம்பி, கோலம் கலைஞ்சு போயிருக்குது?"

"இத போன்ல ஸ்கேன் பண்ணா கட்சிக் கொள்கை அல்லாம் வரும்க்கா."

"அதுக்கு சிக்னலு வேணுமில்ல?"

"வேணும்."

"அப்ப நோட்டீசயும் கூடைல போடு. மேல எடுத்துக்கினு போய்க் காட்டறேன்."

ஊரே சிரித்தது. குமரவேலும் சிரித்தான். ஆனால் வந்த காரியத்தை விடவில்லை. நான் மேடையேறி — மேடை என்றால் ஒரு மரப் பெஞ்சு — தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன். "உங்க வீட்டுச் சாவியை இன்னொருத்தர் கையில் கொடுப்பீங்களா?" என்று ஒரு கேள்வியை எடுத்துவிட்டேன். கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்த இடம் அது.

"குடுப்போம்மா" என்று ஒரு குரல். "வேலைக்குப் போவச்சொல்ல ராமாயி வூட்லதான் குடுத்துட்டுப் போவோம்."

அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேசி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

பிறகு குமரவேலும் கட்சி ஆட்களும் டேபிள் போட்டு உட்கார்ந்தார்கள். பட்டன் போனோ டச் போனோ, ஊரில் இருந்த எல்லாப் போனுக்கும் நாலு எண்ணில் பூட்டு. அந்த எண்ணை உரிமையாளரே மனதுக்குள் நினைத்து, மறைத்துப் போட வேண்டும். பூட்டிய திரையில் மெசேஜ் எட்டிப் பார்க்குமே, அதையும் நிறுத்திவிட்டார்கள். வேலை என்றால் சுத்தமான வேலை.

கடைசியில் பரீட்சை வேறு. குமரவேல் ஒவ்வொருவரிடமும் போய் அன்பாகக் கேட்பான், "உங்க நம்பர் இன்னாம்மா?" பாதிப் பேர் மரியாதைக்குச் சொல்லிவிட்டார்கள். "தப்பு! மாத்துங்க!" என்று மறுபடி மாற்ற வைத்தான். செல்லம்மா என்று ஒருத்தி. ஒல்லியாக இருப்பாள். அவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். கெஞ்சினான், அதட்டினான், ஆபீசர் மாதிரிப் பேசிப் பார்த்தான். ம்ஹூம்.

"பாத்துக்கோங்க! செல்லம்மாக்கா மாதிரி இருக்கணும். நானே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது. தோ இருக்காங்களே, எங்க அக்கா, இவங்களே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது!"

செல்லம்மாவுக்கு முதல் பரிசு. சப்பாத்திக் கட்டை ஸ்டிக்கர் ஒட்டிய டிபன் பாக்ஸ். என் கையால்தான் கொடுத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கினாள்.

கிளம்பும்போது ராமாயி மட்டும் ஓரமாக நின்றாள். "அப்ப இத்தன நாளு நான் படிச்சது தப்பா தம்பி? நான் இன்னா திருடியா?"

"ஐயோ, உங்கள சொல்லலக்கா. பொதுவா சொல்றேன்."

"பொதுவான்னா? எங்க ஊர்ல படிக்கறது நான் ஒருத்திதான?"

குமரவேல் மீதி நோட்டீஸை அடுக்க ஆரம்பித்தான். காரில் ஏறிவிட்டோம். வழியெல்லாம் எனக்கு மனசு என்னவோ போலத்தான் இருந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

செல்லம்மாவின் மகள் சந்தியா. பன்னிரண்டாவது முடித்தவள். போன வருடம் நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்து, சாதிச் சான்றிதழ் வருவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. ஒரு வருடம் அம்மாவோடு நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். இந்த வருடம் சீட் கிடைத்துவிட்டது. கிடைத்த சீட்டை 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று கம்ப்யூட்டரில் உறுதி செய்ய வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள். தவறினால் சீட் அடுத்த ஆளுக்கு.

உறுதி செய்ய என்ன வேண்டும்? ஓடிபி. யாருடைய போனுக்கு வரும்? செல்லம்மாவின் போனுக்கு. போன் எங்கே? பாறைமேல், ராமாயியின் கூடையில். செல்லம்மா எங்கே? கீழே சமவெளியில், வடக்கனந்தல் பக்கம் நடவு வேலைக்குப் போயிருக்கிறாள். ஒரு வாரம் அங்கேயே மோட்டார் கொட்டகையில் தங்கல். போனை வீட்டில் விட்டுவிட்டுப் போனதே ஓடிபிக்காகத்தான்! 'ராமாயி கூவிடுவா' என்ற நம்பிக்கை.

பூட்டின் எண்? அது செல்லம்மாவின் தலைக்குள். மகளிடம்கூடச் சொல்லவில்லை. முதல் பரிசு வாங்கியவள் அல்லவா!

சந்தியா தன் பிறந்த வருடம், அப்பா இறந்த வருடம் என்று போட்டுப் பார்த்திருக்கிறாள். திறக்கவில்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட வேண்டியதுதானே என்று சங்கராபுரத்து வாசகி ஒருவர் இந்நேரம் எனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்திருப்பார். அம்மா, சிம்முக்கும் தனியாகப் பூட்டு போட்டிருந்தான் என் தம்பி. வேலை என்றால் சுத்தமான வேலை என்று சொன்னேனே!

ராமாயி நோட்டீஸில் இருந்த போன் எண்ணைப் பார்த்துப் பாறையிலிருந்து குமரவேலுக்குப் போன் போட்டிருக்கிறாள். அப்போது மணி பன்னிரண்டு.

வடக்கனந்தல் தாண்டி வயல் வயலாகத் தேடினோம். கார் நெருப்பாய்க் கொதித்தது. குமரவேல் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். அவன் கட்சியை, அவன் கொள்கையை, அவனை இன்ஜினியரிங் படிக்க வைத்த சித்தப்பாவை எல்லாம் ஒரு பிடி பிடித்தேன். கூடவே பெஞ்சுமேல் ஏறிச் சாவிக் கதை சொன்ன என்னையும். அதை மட்டும் மனதுக்குள்.

ஒரு வழியாக நாலாவது வயலில் செல்லம்மா. முழங்கால் வரை சேறு, கையில் நாற்று முடி. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க சார்! வாங்கம்மா! இன்னா இந்தப் பக்கம்?"

குமரவேல் வரப்பில் வழுக்கிக்கொண்டே ஓடினான். "செல்லம்மாக்கா, உங்க போன் நம்பரு... அந்த நாலு நம்பர்... பூட்டு நம்பர் இன்னா?"

செல்லம்மா அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று.

"சொல்ல மாட்டேனே!"

"அக்கா, நெஜமா கேக்கறேன்!"

"அன்னிக்கும் இப்பிடித்தான கேட்டீங்க? ஆபீசர் மாதிரி அல்லாம் பேசனீங்க." பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். "பரீச்ச வெக்கறாங்கடி. டிபன் பாக்ஸ் குடுத்தாங்கன்னு சொன்னேன் இல்ல, இவங்கதான். சொல்லவே கூடாது. தோ, அந்த அம்மாவே வந்து கேட்டாலும் சொல்லக் கூடாது."

பெண்களெல்லாம் என்னை வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி, "செல்லம்மா, விட்டுடாத!" என்று தைரியம் சொன்னாள்.

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோபம்தான் வந்தது. "செல்லம்மா! பரீட்சையும் இல்ல, பாக்ஸும் இல்ல! சந்தியா சீட்டு போகப் போகுது! அஞ்சு மணிக்குள்ள ஓடிபி போடணும். உன் போன் தொறக்கல. ராமாயி பாறை மேல உட்கார்ந்திருக்கா, புள்ள கீழ அழுதுட்டு இருக்கு!"

நாற்று முடி கையிலிருந்து விழுந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. பாவம், அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

"ராமாயி கூவிடுவான்னுதான நெனச்சேன்... தொறக்காதா? பூட்டுனா அவளுக்கும் தொறக்காதா?"

இந்தக் கேள்வியை ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாராவது கேட்டிருக்க வேண்டும். டிகிரி வாங்கியவர்கள் அத்தனை பேர் இருந்தோம்.

நம்பரைச் சொல்லிவிடு, ராமாயிக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுகிறோம் என்றேன். வரப்பில் நின்றபடி குமரவேல் அடித்துப் பார்த்தான். காலையிலிருந்து ஊருக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி ராமாயியின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது. ஸ்விட்ச் ஆஃப். செல்லம்மாவின் போனுக்கே அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது; பூட்டுப் போட்ட போனை எடுக்கக் கூடாது என்று ராமாயி விட்டுவிட்டாள் போலிருக்கிறது.

செல்லம்மா சேற்றுக் காலோடு காரில் ஏறினாள். அப்போது மணி இரண்டரை. சீட் கவர் பாழாகிறது என்று அவளே ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். "நல்லா உக்காருங்கக்கா" என்று சொல்லிக் குமரவேல் வண்டியைக் கிளப்பினான். மலையேறும்போது செல்லம்மா வளைவுக்கு வளைவு மணி கேட்டாள்.

ஊருக்குள் கார் நுழையும்போது நாலு இருபது. பஞ்சாயத்துக் கட்டட வாசலில் சந்தியா, கையில் ஈயத் தட்டோடு. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "நீ உள்ள போய் கம்ப்யூட்டர்ல உக்காரு. ஜன்னல்ல பாத்துக்கினே இரு. மேலருந்து துண்ட வீசனா ஓடிபி அனுப்பச் சொல்லி அமுக்கு" என்று சொல்லிவிட்டு செல்லம்மா ஏற ஆரம்பித்தாள். ஏறினாள் என்றா சொன்னேன்? ஓடினாள். பின்னால் குமரவேலும் நானும். இருபது நிமிட ஏற்றத்தில் என் வயதும் எடையும் எனக்கு நன்றாக நினைவூட்டப்பட்டன.

பாறையில் ராமாயி. கூடை நிறையப் போன்கள். எங்களைப் பார்த்து எழுந்து எதையோ சொன்னாள். சத்தம் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு இரண்டு நாளாக ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, 'உன் போனு தொறக்கல, மேல வா' என்று கூவிக் கூவித் தொண்டை கட்டிப்போய்விட்டது.

செல்லம்மா தன் போனை எடுத்தாள். பச்சை நூல் கட்டியது. பிறகு எங்களைப் பார்த்துத் தயங்கினாள். "சார்... அம்மா... கொஞ்சம் திரும்பிக்கிறீங்களா?"

திரும்பிக்கொண்டோம். நானும், கட்சியின் மாவட்ட அமைப்பாளரான குமரவேலும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ராமாயியும் எங்களோடு திரும்பிக்கொண்டாள்.

"நீ எதுக்குடி திரும்பற? நீ பாரு. நாளைக்கு நீதான தொறக்கணும்."

ராமாயி திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையைத்தான் துடைத்தாள் என்று நான் எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

துண்டை வீசினார்கள். ஓடிபி வந்தது. மணி நாலு நாற்பத்தெட்டு. ராமாயி வாயைத் திறந்தாள், காற்று. செல்லம்மா கத்தினாள், பதற்றத்தில் குரல் பாறையைக்கூடத் தாண்டவில்லை. எனக்கு மூச்சே இன்னும் திரும்பவில்லை. எல்லோரும் குமரவேலைப் பார்த்தோம்.

அவன் போனைப் பார்த்தான். கீழே ஊரைப் பார்த்தான். "அக்கா... ஓடிபிய... சத்தமாவா?"

"கத்துடா!"

கத்தினான். ஆறு எண்ணையும் ஒரே மூச்சில் கொட்டினான். வாழ்நாளெல்லாம் விரலால் பேசிய பிள்ளை. குரல் கீச்சென்று போயிற்று. கீழேயிருந்து பதில் வந்தது — இரண்டு தட்டு. கேட்கவில்லை. மறுபடி கத்தினான். மறுபடி இரண்டு தட்டு. மூன்று நிமிடம் முடிந்துவிட்டது. அந்த ஓடிபி செத்தது.

மறுபடி துண்டு. அடுத்த ஓடிபி வருவதற்குள் ராமாயி அவன் தோளைப் பிடித்து இழுத்துக் காதோடு காதாகச் சொன்னாள். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "அப்பிடிக் கொட்டாத தம்பி. ஒரு நம்பரு சொல்லு. மலை அத திருப்பிச் சொல்லும். அது சொல்லி முடிக்கட்டும். அப்பால அடுத்தது. மூக்கால கத்தாத, வவுத்துலருந்து கத்து."

மணி நாலு ஐம்பத்து மூன்று. எண் வந்தது.

குமரவேல் கால்களை அகட்டி நின்றான். "செல்லம்மாஆஆ..." எதிர்மலை 'அம்மாஆ' என்றது. காத்திருந்தான். முதல் எண். மலை திருப்பிச் சொன்னது. இரண்டாவது எண். ரகசியம் காப்பதற்கென்றே தொடங்கிய கட்சியின் மாவட்ட அமைப்பாளர், ஓர் ஏழைப் பெண்ணின் ஓடிபியை ஒவ்வொரு எண்ணாக மலைக்குச் சொல்ல, மலை அதை ஊருக்குச் சொன்னது. ஆறாவது எண்ணில் அவன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது.

பிறகு ஒன்றுமில்லை. காற்று. ஆட்டு மணி. செல்லம்மா என் கையைப் பிடித்திருந்தாள். என் கையெல்லாம் சேறு.

ஒரு தட்டு.

இன்னொரு தட்டு வந்துவிடப் போகிறதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டு விடாமல் அடிக்க ஆரம்பித்தது, திருவிழா மாதிரி. செல்லம்மா அப்படியே பாறையில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கமில்லை. குமரவேல் ராமாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுங்கக்கா" என்றான். அவளுக்குத்தான் பதில் சொல்லத் தொண்டை இல்லையே. அவன் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள்.

இறங்குவதற்குள் சேதி பரவிவிட்டது. அன்று சாயங்காலம் ஊரில் ஏறக்குறைய எல்லோரும் தங்கள் நாலு எண்ணையும் ராமாயியிடம் தாங்களாகவே சொல்லிவிட்டார்கள். சொல்லாதவர்கள் இரண்டே வீடு. அந்த இரண்டு வீட்டுக்கும் ராமாயியின் ஆடுகளோடு பழைய தகராறு. அதுவும் அவரவர் உரிமைதானே?

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த மனு — அதற்குப் பதில் சனிக்கிழமை வந்தது.

குமரவேல் என் வீட்டில் உட்கார்ந்து படித்தான். ஒரு தடவை படித்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். எந்த அலுவலகம் என்று நான் சொல்லப் போவதில்லை. சாரம் இதுதான்: மேற்படி குடியிருப்பில் வசிப்போர் தங்கள் செல்போனில் ஓடிபி பெற்று, உரிய நேரத்துக்குள் பதிவு செய்து, அரசின் சேவைகளைத் தொடர்ந்து பெற்று வருகின்றனர். எனவே அங்கு செல்போன் சேவை திருப்திகரமாக உள்ளது. புதிய டவர் தேவை எழவில்லை.

அன்று மாலை ராமாயி பாறையிலிருந்து கூப்பிட்டாள். தொண்டை கொஞ்சம் தேறியிருந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கடிதத்தைப் படித்துக் காட்டினான். ராமாயி ஓர் ஆட்டை அதட்டிவிட்டுக் கேட்டாள்.

"அப்ப... சர்க்காரு கணக்குல நான்தான் டவரா?"

நான் சிரித்துவிட்டேன். குமரவேல் சிரிக்கவில்லை. அவனுக்கு அரசியல் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. "ராமாயிக்கா, ஒரு ஐடியா. ஒரே ஒரு மாசம் நீங்க கூவாதீங்க. ஒரு ஓடிபியும் போகாது. சிக்னல் இல்லன்னு ஆதாரத்தோட காட்டிடலாம். டவர் வந்துடும்!"

ராமாயி உடனே சரி என்றாள்.

"சரி தம்பி. கம்முனு இருக்கறேன். இந்த மாசத்துல எந்த வூட்டுப் புள்ளைக்கு சீட்டு போனாப் பரவால்ல? பேரு மட்டும் சொல்லு, அந்த நாளு நான் வாயே தொறக்கல."

குமரவேல் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த கட்சி அது... இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ராமாயியிடம் முப்பது நாள் அவகாசம் வாங்கியிருக்கிறது.